கொழும்பு இருக்கும் திசை

"அப்போ காத்து பலமா அடிச்சா சத்தம் தள்ளிப் போவாதா?"

"காத்துக்கும் இதுக்கும் என்னம்மா உள்ளது? இடி வெட்டினா கொஞ்சம் கரகரங்கும். அம்புட்டுதான்."

"காத்துல வராம பின்ன எதுல வருது?"

சிலுவைமுத்து துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாகர்கோவிலில் கிராமபோன் கடை வைத்திருப்பவர். ஒரு வருடமாக ரேடியோவும் விற்கிறார். இதுவரை விலையைப் பற்றிக் கேட்டவர்கள் உண்டு, லைசன்ஸைப் பற்றிக் கேட்டவர்கள் உண்டு. சத்தம் எதில் ஏறி வருகிறது என்று கேட்டவர் இந்த இரணியல் வீட்டு ஜெபகனி ஒருத்திதான்.

"ஏட்டி, அவரு பஸ்ஸுல வந்த மனுசன். நீ கேக்க கேள்விக்கு நடந்தே திரும்பிப் போயிரப் போறாரு" என்று அவள் கணவர் சத்தியநேசன் சிரித்தார்.

மேசைமேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று மரப்பெட்டி, வேதக்கோயில் ஜன்னல் போல மேலே வளைந்தது. அதற்கு முற்றத்துத் தென்னையிலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கட்டவேண்டும். கட்டிவிட்டால் அப்புறம் அது வீட்டோடுதான். மற்றது தோல் ஒட்டிய சூட்கேஸ். மூடியைத் திறந்தால் உள்ளே ரேடியோ. கம்பி வேண்டாம், மூடிக்குள்ளேயே சுற்றி வைத்திருக்கிறது.

"இது வீட்டுக்கும் ஆச்சு, பயணத்துக்கும் ஆச்சு. ஒரு கையில தூக்கிரலாம்" என்று சிலுவைமுத்து சூட்கேஸைத் தூக்கிக் காட்டினார். முகம் சிரித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. முப்பது ராத்தல் இருக்கும்.

வீட்டுக்கும் ஆச்சு, பயணத்துக்கும் ஆச்சு. ஜெபகனிக்கு அங்கேதான் இடித்தது. பயணம் என்பது சத்தியநேசன். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் உத்தியோகம். திங்கள் காலை மார்த்தாண்டம் பஸ் ஏறினால் அருமனை, அதற்கு மேலே மலையடி என்று சுற்றிவிட்டு வெள்ளிக்கிழமை திரும்புவார். வீடு என்பது அவள். இந்தப் பெட்டி எப்படி ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் ஆகும்?

அவருக்கு வேண்டியது சூட்கேஸ் என்று அவளுக்குத் தெரியும். அருமனை ரப்பர் காட்டுக்குள் இருக்கிற சர்க்கார் பங்களாவில் சாயங்காலம் ஆனால் பேச ஆள் கிடையாது, சீவிடு வண்டு கத்துவதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவளுக்கு வேண்டியது வீட்டில் இருக்கிற பெட்டி. தங்கை குளோரி கொழும்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் போய் மூன்று வருடம் ஆகிறது. அங்கே தமிழ்த் திருச்சபைப் பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குக் கொழும்பு ரேடியோவில் பாடுகிறார்கள், இனி மாதம் ஒரு தடவை வார நடுவில் பாடுவார்கள் என்று எழுதியிருந்தாள்.

"ரெண்டும் இருக்கட்டு. பரிசோதிச்சுப் பாத்துட்டு திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணைச் சொல்லுங்க" என்றார் சிலுவைமுத்து. தென்னையில் கம்பி கட்டி முடித்துப் புறப்படும்போது ஒரு எச்சரிக்கை சொன்னார். "உள்ள கண்ணாடிப் பாட்டரி இருக்கு பாத்தியளா, அதுல வெள்ளம் கொறஞ்சா வடிச்ச வெள்ளம்தான் விடணும். கிணத்து வெள்ளம் ஆகாது. அதுல உப்பு உண்டு."

அன்று புதன்கிழமை. பள்ளிக்கூடங்களுக்கு அந்த வாரம் விடுமுறை என்பதால் சத்தியநேசன் வீட்டில் இருந்தார். மரப்பெட்டியைத் திருகியதும் கொழும்பு எடுத்த எடுப்பில் கணீரென்று வந்தது. யாரோ தேயிலை பற்றிப் பேசினார்கள். சூட்கேஸில் முதலில் எதுவுமே வரவில்லை. சத்தியநேசன் அலுத்துப்போய்க் குளிக்கப் போனார். ஜெபகனி அதைத் துடைப்பதற்காகச் சற்று நகர்த்தினாள். தேயிலை பேசிற்று. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பேச்சு தேய்ந்து மறைந்தது. திரும்பவும் பழைய பக்கம் வைத்தாள். பேசிற்று.

பெட்டியைப் பைய முழு வட்டம் சுற்றினாள். இரண்டு இடத்தில் சத்தம் உயர்ந்தது, இரண்டு இடத்தில் அடங்கியது. உயர்ந்த இடத்தில் நிறுத்தி, பெட்டியின் ஓரத்தோடு கண்ணை வைத்து ஜன்னல் வழியே பார்த்தாள். அடுத்த வீட்டுப் பூதலிங்கத்தின் வைக்கோல்போருக்கும் அயினி மரத்துக்கும் நடுவே, தென்கிழக்காக அந்தக் கோடு போயிற்று.

மறுநாள் காலை இரண்டு பெட்டிகளின் முதுகையும் திறந்து கண்ணாடிப் பாட்டரிகளைப் பார்த்தாள். தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்தாற்போல் தோன்றியது. அடுப்பில் சம்பா அரிசிச் சோறு வெந்துகொண்டிருந்தது. வடித்தாள். வடித்த வெள்ளம். உப்பு கூடாது என்றாரே, போடவில்லை. பருக்கை அடைக்குமோ என்று மல் துணியில் இருமுறை வடிகட்டி, ஆறவைத்து, பந்தியில் வஞ்சகம் செய்யாமல் இரண்டுக்கும் ஊற்றினாள். மனிதனுக்குத் தெம்பு தருகிற கஞ்சி இயந்திரத்துக்கும் தெம்பு தருகிறது என்பது அவளுக்கு வியப்பாக இருந்தாலும், நம்ப முடியாததாக இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு பெட்டிகளும் ஊமை.

ஆள் சொல்லி அனுப்பியதில் சனிக்கிழமை நண்பகல் பஸ்ஸில் சிலுவைமுத்து வந்தார். பாட்டரியைத் திறந்து மோந்து பார்த்தார். விரலால் தொட்டு, பிசுபிசுப்பைப் பெருவிரலோடு உரசிப் பார்த்தார்.

"அம்மா, இதுல என்ன விட்டிய?"

"நீங்க சொன்னதுதான். வடிச்ச வெள்ளம்."

"எங்க வடிச்சது?"

"எங்க வடிப்பாவ? அடுக்களையிலதான்."

சிலுவைமுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சத்தியநேசன் முதலில் முறைத்தார். அப்புறம் அவருக்கும் அடக்க முடியவில்லை. "துவையல் வச்சியா கனி? தொட்டுக்கிட ஒண்ணுமில்லாம அதுக எப்பிடிக் குடிக்கும்?"

"சிரிங்க, சிரிங்க. ஆவியா வடிச்சதுன்னு சொன்னா எனக்கு விளங்காதா?" என்றாள். முகம் சிவந்திருந்தது. "சொல்லுகவியளுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

"தப்பு எனக்கதுதான் அம்மா" என்றார் சிலுவைமுத்து. "ஆனா ஒரு காரியம். நான் கையோட கொண்டு வந்தது ஒரே ஒரு பாட்டரி. இது ரெண்டையும் கடையில கொண்டுபோய்க் கழுவி, ஆசிட்டு மாத்தி, சார்ஜ் ஏத்தணும். இந்த ஒண்ண எதுல மாட்ட?"

சத்தியநேசன் சூட்கேஸைப் பார்த்தார். பிறகு வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உனக்க தங்கச்சி பாட்டு. நீயே சொல்லு. எதுல இன்னைக்குக் கேக்குமோ அதையே எடுப்போம்."

மரப்பெட்டி என்று சொன்னால் போதும். கணீரென்று கேட்கும், வீட்டைவிட்டு நகராது, மாதாமாதம் குளோரி வருவாள். நியாயமும் அதுதான். ஜெபகனி வாயைத் திறந்தாள்.

"பயணப் பெட்டியில மாட்டுங்க" என்றாள்.

"அதுல சத்தம் கொஞ்சம் கம்மியாக்கும்" என்றார் சிலுவைமுத்து.

"இருக்கட்டு."

மரப்பெட்டி குளோரி பாடுகிறாள் என்று மட்டும் சொல்லும். அவள் எங்கே நின்று பாடுகிறாள் என்று இது காட்டும். அதை எப்படி இரண்டு ஆண்களுக்கு நடுவே நின்று சொல்வது?

ஆறரை மணிக்கு முன்பே பெட்டியை அயினி மரத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் ஒருவர் ஏதோ சொன்னார், பிறகு தமிழில். ஆர்மோனியம் முனகியது. பத்துப் பதினைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"இதுல குளோரி எது?" என்றார் சத்தியநேசன்.

"சத்தம் போடாதீங்க."

எது என்று அவளுக்கும் தெரியவில்லை. எந்தக் குரலைப் பிடிக்கப் போனாலும் அது மற்றதோடு கலந்து நழுவியது. பெட்டியை அரை விரல் வலப்பக்கம் திருப்பினாள். எல்லோரும் தூரப் போனார்கள். இடப்பக்கம் திருப்பினாள், வந்து சூழ்ந்துகொண்டார்கள். "அந்தா, அங்ஙணயாக்கும் நிக்கா" என்று ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். பூதலிங்கத்தின் வைக்கோல்போர்மேல் ஒரு கோழி நின்றது. அதைத் தாண்டி, கடலைத் தாண்டி ஒரு கோடு நேராகப் போயிற்று.

பாட்டு முடிந்து சந்தை விலை சொல்லத் தொடங்கினார்கள். சிலுவைமுத்து மரப்பெட்டியைச் சாக்கில் கட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டார்.

சத்தியநேசன் சூட்கேஸின் மூடியைச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். திங்கட்கிழமை அருமனைக்கு இதோடுதான் போகப்போகிறார். கனத்தில் தோள் ஒரு பக்கம் சரிந்தது. அவர் முகத்தில் வெற்றி இல்லை; திருடிக்கொண்டு போகிறவர் போல நின்றார்.

"அருமனையில வச்சா இது எந்தப் பக்கம் திரும்பும்?" என்று கேட்டாள் ஜெபகனி.

"எனக்கு என்ன தெரியும்? மலை மறைக்கும்போல இருக்கு. நீ சொன்னாத்தான் உண்டு."

"மலை மறைச்சாக் கேக்குமா, கேக்காதா?"

"அது போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சுற்றுப்பயணம் போனதாக அந்தத் தாலுகாவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பங்களாக் காவல்காரன் என்ன நினைப்பான், மேலதிகாரி காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. அவள் பெட்டியின் மறுபக்கத்தில் கையைக் கொடுத்துக் கனத்தைப் பாதியாக வாங்கிக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க" என்றாள். "திங்கக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போவியளா?"