சவுரிராயனின் தலைக்கு ஒலிபெருக்கி அனுமதி

சவுரிராயனின் தலைக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் 2018ஆம் ஆண்டு ஜூன் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழேகால் மணியிலிருந்து வெளியிலும் கேட்க ஆரம்பித்தன. திண்டிவனம் ஏரிக்கரைத் தெருவில் அன்று தண்ணீர் வரவில்லை, மல்லாட்டை எனும் வேர்க்கடலையின் விலை மூட்டைக்கு நூறு ரூபாய் இறங்கியிருந்தது, மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. குரல்கள் இரண்டு. ஒன்று, பஸ் ஸ்டாண்டில் வண்டி புறப்படும் நேரம் சொல்கிறவளைப் போன்ற ஒரு பெண் குரல். சவுரிராயன் என்ன செய்தாலும் அதை அப்படியே அறிவிப்பது அதன் வேலை. இப்ப செருப்பு மாட்றான், இப்ப வலது காலு, இப்ப எடது காலு என்று சொல்லிக்கொண்டே போகும். இன்னொன்று கரகரத்த ஆண் குரல். அதற்குத் திட்டுவதைத் தவிர வேறு தெரியாது. நீ எதுக்குடா இருக்கற, போய்ச் செத்துத் தொலை என்பதுதான் அதன் காலை வணக்கம். இருபத்திரண்டு வயதில் அவனுக்குள் வந்து குடியேறிய இரண்டும் பதினாறு வருஷம் வாடகை இல்லாமல் உள்ளேயே இருந்துவிட்டு, அன்றைக்குக் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் அளவுக்குத் தெரு முழுக்கக் கேட்டன.

ஏரிக்கரைத் தெருவைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை, அதனால் உள்ளதைச் சொல்லிவிடலாம். பதினாறு வருஷமும் அந்தத் தெரு சவுரிராயனுக்கு ஓசியில் வைத்தியம் பார்த்தது. கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்றது. வேளாங்கண்ணிக்கு நடக்கச் சொன்னது, இரும்பை ஊர் சிவன் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கிக் கொடுத்தது, வெறும் வயிற்றில் கறிவேப்பிலை தின்னச் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதெல்லாம் சும்மா பிரமை, மனசைத் தைரியமாக வைத்துக்கொண்டால் போய்விடும் என்றது. இப்போது அதே பிரமை தெருவின் காதிலும் விழுந்தது. தைரியசாலிகள் யாராலும் பதினாறு நாள் தாங்க முடியவில்லை. எதிர்வீட்டு கெங்கம்மாள், தைரியம் பற்றி அவனுக்கு அதிகம் போதித்தவள், மூன்றாம் நாளே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மயிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சவுரிராயன் மல்லாட்டை மண்டி ஒன்றில் மூட்டைக்கு நம்பர் போடுகிற வேலையில் இருந்தான். அவனுக்குப் பைத்தியம் என்பது முதலாளிக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்க அது வசதியாகவும் இருந்தது. ஆனால் பெண் குரல் எடைமேடைப் பக்கம் திரும்பி, இப்ப மொதலாளி எடை கொறைய மூட்டைக்கடியில கால முட்டுக் குடுக்கறாரு என்று விவசாயிகள் முன்னால் அறிவித்த அன்று, பைத்தியக்காரனை வேலைக்கு வைத்திருப்பது பாவம் என்று அவருக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. அதோடு அந்த வேலை போயிற்று. அவனுடைய அக்கா அமலோற்பவம் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சம்பளத்தில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பதற்கு அந்தத் தெருவில் முப்பது பேர் இருந்தார்கள், மாப்பிள்ளை பார்க்க ஒருவரும் இல்லை.

தெரு சார்பில் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து கேட்டார், தலையைச் சுற்றி வந்து பார்த்தார், ஒயர் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார். மனநோய்க்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்த வழியிலேயே அவர் போனார். மாரியம்மன் கோயில் கூழுக்கும் காதுகுத்துக்கும் கொடுக்கிற அதே மைக் அனுமதிப் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்றும், வைக்கப்படும் இடம் என்ற இடத்தில் கழுத்துக்கு மேல் என்றும் அமலோற்பவம் எழுதினாள். நிகழ்ச்சி நேரம் மாலை ஏழு முதல் எட்டு வரை என்று முத்திரை விழுந்தது. மற்ற நேரத்தில் கேட்பது தனிநபர் பேச்சுக் கணக்கில் வரும், சத்தத்தை மட்டும் குறைக்க வழி பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடித்துப் போனார். சட்டம் தன் கடமையைச் செய்துவிட்ட திருப்தியில் தெரு கலைந்தது.

சத்தத்தைக் குறைக்க அக்காவும் தம்பியும் விழுப்புரத்துக்கு, ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போனார்கள். பஸ்ஸில் கண்டக்டர் நாலு டிக்கெட் கிழித்தார். டாக்டரம்மா மட்டும்தான் இந்தக் கதையில் ஆச்சரியப்படாமலும் அறிவுரை சொல்லாமலும் இருந்தவர். குரல்கள் பேசியதைப் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டார், கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டார், மாத்திரை கொடுத்தார். மாத்திரையைத் தவறாமல் போட்ட இரண்டாம் மாதம் சத்தம் டி.வி. அளவுக்கு இறங்கியது. முழுக்க நிற்குமா என்று அமலோற்பவம் கேட்டதற்கு, நிற்கலாம், நிற்காமலும் போகலாம், ஆனால் இவர் கை சும்மா இருக்கக்கூடாது, இவருக்கென்று ஒரு வேலை வேண்டும் என்றார். சவுரிராயனுக்கு அது புதுச் செய்தி இல்லை. தன்னுடையது என்று ஒன்றைச் செய்ய வேண்டும், அதை யாராவது வைத்தியம் சொல்லாமல், பரிதாபப்படாமல் கடைசி வரை கேட்க வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. பதினாறு வருஷத்தில் அதை அவனிடம் கேட்டறிந்தவர் ஒருவரும் இல்லை.

முதலில் படம் வரைந்தான். கலர் பென்சில் வாங்கி உட்கார்ந்ததுமே பெண் குரல், இப்ப மரம் போட்றான் என்று அறிவிக்கும். கரகரக் குரல், மரமாடா அது என்று கேட்கும். உடனே நாலு வீட்டுக்காரர்கள் மரமா இல்லையா என்று பார்க்க வந்து நிற்பார்கள். ஒரு மாதத்தில் பென்சில்களைச் சத்துணவுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டான். அடுத்து, புலவர் தேவநாதன் நடத்தி வந்த செந்தமிழ்ச் சுடர் மன்றத்தில் சேர்ந்தான். ரிட்டயரான பதினோரு பேர் மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் கவிதையை மற்றவர்கள் பாராட்டி, ஒரே பொன்னாடையை முறை வைத்துப் போர்த்திக்கொள்கிற சங்கம் அது. சவுரிராயன் தன் முறைக்காக ஏழு மாதம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். எட்டாம் மாதம் தேவநாதன் தமிழன்னையைப் பற்றிப் பாடத் தொடங்கியதும், இத்தயேதான் போன பொங்கலுக்கும் பட்சான் என்றது கரகரக் குரல். பிசகு என்னவென்றால் அது உண்மை. அன்றைக்கே அவனை நீக்கினார்கள். நீக்கும்போதும் பொன்னாடை போர்த்தினார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. அதற்குப் பிறகு கோட்டக்குப்பத்திலிருந்து யாஹ்யா என்பவர் வந்தார். குவைத்திலிருந்து திரும்பி லோடு ஆட்டோவில் வெங்காயம் விற்கிறவர். கரகரக் குரலை போனில் பதிந்துகொண்டு போய் ஆட்டோவில் போட்டார். அது அதட்டிய அதட்டலில் ஜனங்கள் பயந்துபோய் அஞ்சு கிலோவாக வாங்கினார்கள். யாஹ்யா நல்ல மனுஷர், பாதி லாபத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் தன் வாழ்நாள் வேதனை வெங்காயம் விற்றுக்கொண்டு ஓமந்தூர் வரைக்கும் போவதைக் கேட்ட சவுரிராயன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் ஒரு நாள் சாயங்காலம் அவன் வாசலில் செருப்பை மாட்டும்போது, இப்ப செருப்பு மாட்றான், இப்ப எங்க போறான்னா என்று சொல்லிய பெண் குரல் வார்த்தை கிடைக்காமல் நின்றது. அவனுக்கே எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. சும்மா, மரக்காணத்துக்கு என்று முனகினான். இப்ப மரக்காணத்துக்குப் போறான் என்றது குரல். சவுரிராயன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சத்துணவுக் கணக்கு நோட்டில் மீந்திருந்த பக்கத்தில் அடுத்த வரியை எழுதி வாய்க்குள் படித்தான். உப்பு வாங்கப் போறான். குரல் அதையும் சொன்னது. மாத்திரை போட்டு டி.வி. அளவில் இருக்கும்போது மட்டும் அது எழுதிக் கொடுத்ததைச் சொல்லும். மாத்திரை தவறினால் சொல்லாது, பழையபடி அதன் இஷ்டம்தான். அதனால் அவன் ஒரு வேளை தவறவில்லை. ஏழு மணிக்கு அனுமதி இருந்தது, அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பகலெல்லாம் எழுதினான். உப்பு வாங்க மரக்காணம் போன ஒருவன் ஒவ்வொரு ஊரிலும் தப்பான பஸ் ஏறுகிற கதை அது. கரகரக் குரல் முதலில் குறுக்கே திட்டியது, பிறகு குறுக்கே கேள்வி கேட்டது, ஆறாவது மாதத்தில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் வாயை மூடிக்கொண்டது.

“நீ எழுதறது எனுக்கு ஒண்ணும் புரியல,” என்று அமலோற்பவம் ஒருநாள் சொன்னாள். “ஆனா அது உன்னத் திட்டாம கீற ஒரு மணி நேரம் நான் நிம்மதியா சோறு துன்றேன்.”

நோய்க் காலம் வந்தது, ஊரடங்கு வந்தது, போயிற்று. டி.வி. சீரியல் எல்லாம் நின்றுபோன அந்த மாதங்களில் தெரு வேறு வழியில்லாமல் உப்புக்காரன் கதையைக் கேட்கத் தொடங்கி, பிறகு அடிமையாகிவிட்டது. கேட்டதோடு இருந்தால் அது ஏரிக்கரைத் தெரு இல்லை. உப்புக்காரனுக்கு ஒரு கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடுவான் என்று, சத்தம் குறைந்ததும் மயிலத்திலிருந்து திரும்பி வந்திருந்த கெங்கம்மாள் ஆரம்பித்தாள். தன் மகள் பெயரைக் கதையில் சேர்க்கச் சொன்னாள். கவுன்சிலர் தன் பிறந்தநாளுக்கு உப்புக்காரன் வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்றார். புலவர் தேவநாதன் கதை முழுவதையும் தூய தமிழில் திருத்தி, ஆசிரியர் என்று தன் பெயரைப் போட்டு, இருபது பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். சவுரிராயன் ஒரு வரியையும் மாற்றவில்லை. தலை கெட்டவனுக்கு இவ்வளவு திமிரா என்று ஊருக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டு அனுமதியை ரத்து செய்யக் கேட்டார்கள். 2022 ஆகஸ்டில் புது சப் இன்ஸ்பெக்டர் ரத்து செய்தார், தடயப் பொருள் என்று நோட்டையும் கான்ஸ்டபிள் எடுத்துப்போனார்.

நோட்டு போன மறுநாளிலிருந்து சவுரிராயன் மாத்திரையைத் தொடவில்லை. அக்கா கெஞ்சிப் பார்த்தாள், சோற்றில் மறைத்து வைத்துப் பார்த்தாள். அடுத்த பஸ்ஸுக்கு விழுப்புரம் போகலாம் என்றாலும் அவன் எழுந்திருக்கவில்லை. சத்தம் பழையபடி கல்யாண வீட்டு அளவுக்கு ஏறியது. பத்தாம் நாள் மத்தியானம் அமலோற்பவம் பள்ளிக்கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது தெருப்பக்கமிருந்து பெண் குரல் கேட்டது. இப்ப ஏரிக்கரை எறங்கறான். இப்ப தண்ணியில காலு வெக்கறான். தெருவில் எல்லோருக்கும் அது தெளிவாகக் கேட்டது. கதை மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கெங்கம்மாள் குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். உப்புக்காரன் ஏரிக்கு எப்படி வந்தான் என்று தேவநாதன் கதையில் குற்றம் கண்டுபிடித்தார். எழுத நோட்டே இல்லாதவன் கதை எப்படிச் சொல்வான் என்று யோசிக்க அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவருக்கும் மூளை இல்லை. அமலோற்பவத்துக்கு மட்டும் தெரிந்தது. முட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் கரைக்கு வந்தபோது, இப்ப இடுப்பு வரிக்கும் தண்ணி என்று பெண் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. கரகரக் குரல், போ, போ என்றது. அவன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டது குரல்களின் சத்தத்தில் எடுபடவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. வாழ்க்கையில் ஒரு வரி எழுதாதவள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்கிற குரலில், தம்பியை விட்டுவிட்டு அந்தக் குரலிடமே சொன்னாள்.

“இப்ப திரும்பிப் பாக்கறான்.”

குரல் நின்றது. எழுதிக் கொடுத்தவன் அல்லாத இன்னொருவரின் வரியை அது அதுவரை சொன்னதில்லை, மாத்திரை இல்லாமல் யார் வரியையும் சொன்னதில்லை. பிறகு, இப்ப திரும்பிப் பாக்கறான் என்றது. சவுரிராயன் திரும்பிப் பார்த்தான்.

“அவன் அக்கா கரையில நின்னுக்கினு கீறா. இன்னும் சாப்புடல.”

அதையும் குரல் சொன்னது. இப்ப கரைக்கு வர்றான் என்று அவள் சொன்னாள், குரல் சொன்னது, அவன் வந்தான். வந்து சேற்றில் உட்கார்ந்தான். அவள் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள், அதற்குப் பிறகுதான் அழுதாள். அப்போது கரகரக் குரல், இருபது வருஷம் தினமும் காலையில் அவனைச் சாகச் சொன்ன அதே குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டது.

“அப்பறம்?”

சவுரிராயன் காலில் ஒட்டிய சேற்றை வழித்தான். அப்புறம் இன்னா ஆச்சுன்னு நாளைக்கு எழுதணும் என்று அக்காவிடம் சொன்னான். எழுந்து வீட்டுக்கு நடந்து, தட்டு கழுவி, இரண்டு பேரும் சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டான்.

தெருவில் அன்றைய பகுதி நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். அக்கா பாத்திரம் புதுசு, இன்னும் கொஞ்சம் வரலாம் என்று கெங்கம்மாள் கருத்துச் சொன்னாள். மறுவாரம் நாற்பத்தொரு பேரும் ஸ்டேஷனுக்குப் போய், மீதிக் கதை வேண்டும் என்று அதே கையெழுத்தை மறுபடியும் போட்டார்கள். நோட்டு திரும்பி வந்தது, அனுமதியும் வந்தது. இன்றைக்குவரை உப்புக்காரன் மரக்காணம் போய்ச் சேரவில்லை. நடந்தது என்னவென்று பிற்பாடு தெரிந்த பிறகும் ஏரிக்கரைத் தெருவில் ஒருவர்கூட சவுரிராயனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏழு மணி ஆனதும் டி.வி.யை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள்.