தலைவரின் இரங்கலுரை

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து விஜயலெட்சுமி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் மைக்செட் வந்து இறங்கியது. சவப்பெட்டி இன்னும் வரவில்லை. தப்படிக்கிறவர்கள் வரவில்லை. கொழும்பிலிருந்து தம்பி நிஷாந்த் வரவில்லை. மைக் வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் யார் செத்தாலும் தொழிற்சங்கத் தலைவர் அழகுமலை இரங்கலுரை ஆற்றாமல் பெட்டி தூக்கக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். செத்தவருக்கு மட்டும்தான் எழுந்து போகும் வசதி இல்லை. மற்றவர்களுக்கு இருந்தும் பயன் இல்லை.

அப்பா சிவஞானம் ஆயுளில் மைக்கைத் தொட்டதில்லை. வாயைத் திறப்பதே அபூர்வம். விடிகாலையில் மாட்டுக்குப் புல்லறுத்துப் போட்டுவிட்டு வந்தவர், குடிக்கக் கொஞ்சம் சாயத்தண்ணி கேட்டார். அது ஆறுவதற்குள் போய்விட்டார்.

விஜயலெட்சுமியால் முழுசாக அழவும் முடியவில்லை. அழுகைக்கு அடியில் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாட்டை வாங்கத்தான் கடன் கம்பனி ஒன்றில் பணம் எடுத்திருந்தாள். பெரும்பகுதி கட்டியும்விட்டாள். கட்டவே இல்லை என்று கம்பனி பதுளைக் கோட்டில் வழக்குப் போட்டு, அவள் வராமலேயே ஜெயித்தும்விட்டது. அப்படியொரு வழக்கு நடந்ததே தீர்ப்பு கைக்கு வந்த அன்றுதான் அவளுக்குத் தெரியும்.

லோயர் அம்மா பஸ்லியா கோப்பைப் பார்த்துவிட்டு விளக்கினாள். அழைப்பாணையை விஜயலெட்சுமியின் கையிலேயே கொடுத்ததாக, கோட்டுக் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர் எழுதியிருக்கிறார். கீழே கோழி கிண்டிய மாதிரி ஒரு கையெழுத்தும் இருக்கிறது. அவள் வாங்கவில்லை என்றால் வாங்கியது யார்? அந்த ஆள் வந்து சொன்னால் தீர்ப்பை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். ரசீதுகளைக் காட்டி வழக்கை முதலிலிருந்து நடத்தலாம். மனுப் போட நாளைக்குத்தான் கடைசி நாள். தவறினால் மாட்டைப் பிடித்துப்போக ஆள் வரும்.

லயத்து வீடுகளில் அவள் சுற்றி வளைத்து விசாரித்துப் பார்த்தாள். கடன் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம். தலைவரிடம் கேட்கலாம் என்றால், அவரிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று. அப்பாவிடம் மட்டும் சொன்னாள். அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

பகல் சாய்ந்தபோது நிஷாந்த் வந்தான், பெட்டியும் வந்தது. குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, வாசலில் வாங்குப் பலகையின் மேல் வைத்தார்கள். தப்பு ஓய்ந்தது. அழகுமலை துண்டைச் சரிசெய்துகொண்டு மைக்கைத் தட்டினார். தோட்டத்துப் பாதை யாரால் வந்தது, தண்ணீர்த் தாங்கி யாரால் வந்தது என்று விரிவாகச் சொன்னார். சிவஞானத்தின் பெயர் வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் இப்படித்தான் வந்தது:

"அரசாங்க உத்தியோகத்தர் எவரா இருந்தாலும் என்னயத் தாண்டி லயத்துக்குள்ள வர ஏலுமா? ஏன், சிவஞானண்ணன் வீட்டையே எடுங்களேன். போன தைப்பொங்க முடிஞ்சு கோட்டுல இருந்து பிஸ்கால் ஐயா வந்தாரு, நம்ம விஜி புள்ளைக்குக் காயிதம்னு. மலையில கொழுந்து எடுக்கிற புள்ளயத் தேடி எதுக்கு அலையுறீங்க, நான் எதுக்கு இருக்கேன்னு கேட்டு, என் வீட்டுல ஒக்கார வச்சு, கோப்பி குடுத்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

கண் அயர்ந்திருந்த சிலர் பழக்கத்தில் கைதட்டப் போய், சாவு வீடு என்று நினைவு வந்து கையை மடக்கிக்கொண்டார்கள்.

விஜயலெட்சுமி தலைமாட்டிலிருந்து எழுந்தாள்.

"அந்தக் காயிதம் எங்கங்க தலைவரே?"

அழகுமலை யோசித்தார். சிங்களத்தில் வரும் காகிதத்தை அவருக்கு வாசிக்கத் தெரியாது; தெரியாது என்று சொல்லவும் தெரியாது. வாக்காளர் பதிவாக இருக்கும் என்று எங்கேயோ செருகி வைத்திருந்தார்.

"பத்திரமாத்தான் வச்சேன்..." என்று இழுத்தார். மைக் அந்த இழுவையை எதிர்மலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இத்தனை நாள் மறைத்ததை அவள் எல்லோர் முன்னாலும் நாலு வார்த்தையில் சொன்னாள். பிறகு, "காயிதம் இல்லாட்டிப் பரவால்லைங்க. இப்பச் சொன்னத நாளைக்குப் பதுளையில லோயர் அம்மாகிட்ட அப்படியே சொல்லுங்க. இல்லாட்டி எங்க மாடு போயிரும்" என்றாள்.

ஆயுளில் முதல் தடவையாகத் தலைவர் தானாகவே மைக்கை அணைத்தார். குரலைத் தாழ்த்தி, நாளைக்குப் பால் தெளிக்க வேண்டுமே, தீட்டு வேறு இருக்கிறதே, செத்த வீட்டிலிருந்து எப்படிக் கிளம்புவது என்று ஆசாரம் பேசினார்.

காலையிலிருந்து சுவரில் சாய்ந்தே கிடந்த அம்மா ரெங்கம்மா நிமிர்ந்தாள்.

"தீட்டு சாமிக்குத்தான். கோட்டுக்கு என்ன தீட்டு?" என்றாள். பெட்டியைப் பார்த்தாள். "இவரு வாயே தொறக்காத மனுசன். நீங்கதான் பேசுவீங்களே தலைவரே. போய்ப் பேசிட்டு வாங்க."

பால் தெளிக்கத் தான் போவதாக நிஷாந்த் சொன்னான். சொன்னால் தனக்கு ஏதும் வழக்கு வருமா என்று தலைவர் மெல்லக் கேட்டார். விஜயலெட்சுமி லோயர் அம்மாவுக்குப் போன் எடுத்து விசாரித்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும், அவரைக் கூட்டி வாருங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று பதில் வந்தது. அந்தக் குரலில் முதல் தடவையாகச் சந்தோஷம் தெரிந்தது. அதன்பிறகே பெட்டியைத் தூக்கினார்கள். விஜயலெட்சுமி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் தலைவர் வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தார். ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டு, பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் சுருங்கியது. தண்ணீர்த் தாங்கி முதலில் விழுந்தது. பிறகு பாதையும் விழுந்தது.

வளைவில் தேயிலைக்கு நடுவே தோட்டத்து மயானம் வந்தது. கண்ணாடியில் புகை படிந்த மாதிரி ஈரம். புதிய மண்மேட்டுப் பக்கம் நிஷாந்த் செம்போடு குனிந்திருப்பது கலங்கலாகத் தெரிந்தது. விஜயலெட்சுமி கண்ணாடியைத் தள்ளினாள். அது அசையவில்லை.

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. எழுந்து, அவளுக்கு மேலாக எட்டி, இரண்டு கையாலும் தம் கட்டித் தள்ளிக் கண்ணாடியைத் திறந்துவிட்டார்.

சாரல் உள்ளே அடித்தது. பஸ்ஸில் யாரும் மூடச் சொல்லவில்லை.