ஒரு விரல் தள்ளி

இறந்து முப்பத்தெட்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு, ஓய்வுபெற்ற சர்வேயர் தன் வீட்டுக் கூடத்து டிவியில் மெத்தை விற்கும் சேனலை விட்டுச் செய்திக்குப் போனார். அன்றைக்குத் தக்காளி விலை இறங்கியிருந்தது, மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அவர் மனைவி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். ரிமோட், பேட்டரி கழற்றப்பட்டு, சர்வேயருடைய மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இழுப்பறையில் கிடந்தது. ஆறரைக்கு வானிலை வந்தது. எட்டு மணிக்கு, அந்த அம்மாள் மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டிருந்த சீரியல் வந்தது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் மகள் செட்டிங்குக்குப் போன் செய்தாள்.

செட்டிங் என்பது ஊரார் வைத்த பெயர். கேபிள் பெட்டி, ஹோம் தியேட்டர், எதுவானாலும் அவன்தான் வருவான். என்ன கோளாறு என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, செட்டிங்தான்" என்பான். வேலை தெரிந்தவன், மாடிப்படி என்றால் மட்டும் முகம் சுருங்கும். சர்வேயருக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் வலப்பக்கமும் போய், இடது கைக் கட்டைவிரல் ஒன்றே சொன்னபடி கேட்ட காலத்தில், வங்கியில் வேலை பார்க்கும் மகள், கட்டிலுக்கு எதிரே பெரிய டிவியும் நாலு மூலைக்கு நாலு ஸ்பீக்கரும் வாங்கிப் போட்டாள். ஒயர் வெளியே தெரிவது அவளுக்கு ஆகாது. அதனால் கேபிள் பெட்டி மரக்கதவு போட்ட அலமாரிக்குள் போனது. மரக்கதவைத் தாண்டி ரிமோட்டின் கதிர் போகாது. அதற்கு ஒரு வழி உண்டு. டிவிக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணை ஒட்டுவார்கள். அது கதிரை வாங்கி, மெல்லிய ஒயர் வழியாக அலமாரிக்குள், பெட்டியின் முகத்தில் ஒட்டியிருக்கும் மிளகளவு பல்புக்கு அனுப்பும். பல்பு பெட்டியின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு விரல் தள்ளிப்போனாலும் பெட்டிக்கு ஒன்றும் எட்டாது.

செட்டிங் ஒரு விரல் தள்ளித்தான் ஒட்டினான். சோதித்தபோது அலமாரிக் கதவு திறந்திருந்தது. கதிர் நேராகப் பெட்டிக்கே போனது, சர்வேயர் அமுக்க அமுக்கச் சேனல் மாறியது, அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அம்மாள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, செட்டிங் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினான். இரண்டாவது மாடிக்கு இறங்கும்போதுதான், கதவைச் சாத்திய பிறகு ஒரு தடவைகூட அமுக்கிப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. லிஃப்ட் பழுது. கீழே வண்டியில் அடுத்த வேலைக்கான ஏணி காத்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டான். அந்த நாளைக்கு வரவேயில்லை.

மறுநாளே அந்த அம்மாள் போன் செய்தார். பேட்டரி மாற்றச் சொன்னான். அடுத்த வாரம், பெட்டியை அணைத்துப் போடச் சொன்னான். மூன்றாவது தடவை, ரிமோட்டைச் செல்போன் கேமராவுக்கு முன்னால் பிடித்து அமுக்கச் சொன்னான். கண்ணுக்குத் தெரியாத கதிர் கேமராவில் தெரியும்.

"வெளிச்சம் வருதாம்மா?"

"பளிச்சுனு வருது தம்பி. நான் அமுக்கினா சேனலும் மாறுது. அவர் அமுக்கினாதான் மாறல."

மாறாமல் என்ன செய்யும். பெட்டியில் ஓடும் நம்பரைப் பார்ப்பதற்காக அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அமுக்கினார். பிறகு தூசு அடையும் என்று சாத்திவிடுவார். செட்டிங்குக்கு இது கேட்ட உடனே புரிந்தது. புரிந்த பிறகுதான் அவன் அந்த வாக்கியத்தைச் சொன்னான். "ரிமோட் நல்லாத்தான் இருக்கும்மா. ஐயா சரியா அமுக்குறாரான்னு பாருங்க."

வேலை தெரிந்தவன் சொன்னதால் வீட்டில் அதை நம்பினார்கள். பொத்தான் எது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, புத்தி போய்விட்டது என்று முடிவானது. டாக்டரிடம் கேட்டபோது, விரல் எப்போதெல்லாம் துடிக்கிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னார். அந்த அம்மாள் மருந்து நேரம் எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். மாலை 4, விரல் துடிப்பு. 6.30, விரல் துடிப்பு. 8, விரல் துடிப்பு, வெகு நேரம். எந்தச் சேனலானாலும் ஒன்றுதானே என்று மெத்தை விற்கும் சேனலை ஓடவிட்டார்கள். ஆயிரம் சதுர அடியில் அரை அடி தவறினாலும் திரும்பப் போய்ச் சங்கிலி பிடித்து அளந்த மனிதர், மெத்தைமேல் ஒருவன் ஏறிக் குதிப்பதை எழுபத்து மூன்று நாள் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் தலைக்கு மேலேயே மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசப் பழகிக்கொண்டார்கள். பிறகு ஒரு காலையில் இறந்துபோனார். செட்டிங் வந்து, வாசலோடு நின்று, முகம் காட்டாமல் திரும்பினான். டிவியை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. சத்தத்தைக் குறைத்து, அதே சேனலில் விட்டிருந்தார்கள்.

மகள் கூப்பிட்டதும் செட்டிங் மூன்று மாடியும் நிற்காமல் ஏறி வந்தான். அலமாரியைத் திறந்தான். பல்பு அவன் ஒட்டிய இடத்திலேயே, ஒரு விரல் தள்ளி இருந்தது. அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டான். நான்கு மணிக்குச் சேனல் மாறியது. பெட்டியின் கண்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினான். ஆறரைக்கு வானிலை வந்தது. பக்கத்து வீட்டு ரிமோட்டோ என்று விசாரித்தான். பக்கத்து வீட்டில் டிவியே இல்லை. பெட்டியை மாற்றினான், புதுப் பெட்டியும் அப்படியே நடந்துகொண்டது. ஒரு வாரம் தினமும் வந்தான். எட்டாம் நாள், மாத்திரைச் சீட்டைத் தேடி நோட்டைப் புரட்டிய அந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். பிறகு நோட்டைச் செட்டிங்கிடம் நீட்டினார். நேரம் ஒரு நிமிடம் பிசகவில்லை. சர்வேயர் அமுக்கியதெல்லாம் பெட்டியைச் சேராமல் கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்து, இப்போது வரிசை கலையாமல், நாளுக்கு நாளாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. செட்டிங் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினான்.

"எட்டு மணி சீரியல் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காதுடி" என்று அந்த அம்மாள் மகளிடம் சொன்னார். "எனக்காகத்தான் போட்டிருக்கார்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நோட்டைப் புரட்டப் பயந்தார்கள். அப்பா கட்டிலில் கிடந்த நாட்களில் மகள் போனில் பேசிய நேரங்களில் இப்போது சத்தம் குறைந்தது. அவள் தூங்கிய ஞாயிறு மதியங்களிலும் குறைந்தது. நோட்டில் ஐம்பத்தொன்பதாம் நாளுக்கு மட்டும், காலை பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று முப்பத்தைந்து வரை விடாத துடிப்பு என்று எழுதியிருந்தது. அது என்ன நாள் என்று இருவருக்கும் நினைவிருந்தது. அன்றைக்குத்தான் மகள் கட்டில் ஓரத்தில் நின்று, "நல்ல இடம் ஒண்ணு விசாரிச்சிருக்கேம்மா, நர்ஸ் எல்லாம் இருக்காங்க. எங்க இருக்கோம்னுகூட அப்பாவுக்குத் தெரியாது" என்று சொல்லி, அம்மாவும் "பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த நாள் வந்து சேர்ந்தபோது மகள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். செட்டிங்கையும் வரச் சொல்லியிருந்தார்கள். பதினொன்று இருபதுக்குச் சத்தம் ஏற ஆரம்பித்தது. நாலு மூலை ஸ்பீக்கரும் முழு மூச்சில் அலறின, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கீழ் வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். மெத்தைக்காரன் தள்ளுபடியைப் பற்றிக் கத்திக்கொண்டே இருந்தான். மகள் காதைப் பொத்தவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்தச் சத்தத்துக்குள் செட்டிங் எல்லாவற்றையும் சொன்னான். காதில் விழாது என்ற தைரியத்தில்தான் சொன்னான். அது அவனுக்கே தெரிந்திருந்தது, அதற்காகவும் வெட்கப்பட்டான். பதினொன்று முப்பத்தைந்துக்குச் சத்தம் இறங்கியது.

"வாய் அசைஞ்சுது. என்ன தம்பி சொன்னீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

இனி ஓட வழியில்லை. கதவு திறந்திருந்ததையும், இரண்டாவது மாடியில் உறைத்ததையும், போனில் எல்லாம் புரிந்தும் ஐயாமேல் பழியைப் போட்டதையும் மறுபடி சொன்னான். "அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்மா. நான்தான் தெரியாதுன்னு சொல்ல வச்சேன்."

அந்த அம்மாள் திட்டியிருந்தால் செட்டிங்குக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீங்க ஒரு மணி நேரம் பாத்த ஆளு" என்றார். "நான் முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவ. அவர் கண்ணை ஒரு தடவை நேராப் பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். பாக்கல."

நோட்டில் மீதமிருந்த நாட்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. கடைசிப் பதிவும் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது. இனி எதுவும் வராது, பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள் என்று அந்த அம்மாள் மறுநாள் சொல்லியனுப்பினார். செட்டிங் வந்தபோது மணி எட்டாகப் போகிறது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அலமாரி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எட்டு மணிக்குச் சீரியல் வந்தது. நோட்டில் அந்த நாளுக்குப் பக்கமே கிடையாது. அந்த அம்மாள் ஆச்சரியப்படவில்லை. நாற்காலியைக் கட்டில் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏங்க" என்றார்.

சத்தம் ஒவ்வொரு புள்ளியாக இறங்கி, முணுமுணுப்பாகி, நின்றது. டிவியில் ஆட்கள் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் பேசினார். ஐம்பத்தொன்பதாம் நாளைப் பற்றியும், மெத்தைச் சேனலைப் பற்றியும், தலைக்கு மேல் பேசியதைப் பற்றியும் ஒன்றைக்கூட விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் சத்தம் ஏறும் என்று காத்திருந்தார்கள். ஏறவில்லை. விளம்பரம் வந்தது, போனது, அப்போதும் ஏறவில்லை. அந்த அம்மாள் செட்டிங்கைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எழுந்து சமையலறைக்குப் போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார்.

செட்டிங் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "கதவைத் திறந்து வச்சுத்தான் ஐயா டெஸ்ட் பண்ணேன்" என்று ஆரம்பித்தான். இந்த முறை சுருக்காமல் சொன்னான், இரண்டாவது மாடிப்படியில் எத்தனை நேரம் நின்றான் என்பதையும் சேர்த்து. முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். சத்தம் வழக்கமான அளவுக்கு வந்தது. சீரியலில் ஒரு கல்யாணம் பாதியில் நின்றுபோயிருந்தது. அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, யார் நிறுத்தினார்கள் என்று கேட்டார். மாப்பிள்ளையின் அண்ணன் என்று செட்டிங் சொன்னான்.