கணக்கில் வராத மாத்திரை

திரேஸ்புரத்து மரியான் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு முங்கினால், கடலடியில் கிடக்கும் சங்குகள் தப்பிக்க வழியில்லாமல் தாமாகவே வந்து அவன் பையில் ஏறிக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட சங்குகுளிக்காரன் டாக்டர் விஜிலாவின் மேசைக்கு முன்னால் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்திருந்தான்.

“கிரியாட்டினின் ஏறியிருக்கு. நீங்க போடுற எச்.ஐ.வி. மாத்திரையில ஒரு மருந்து சிலருக்குக் கிட்னியைப் பாதிக்கும். வேற மாத்திரை ஏதும் போடுறீங்களா?”

“இல்ல டாக்டர்.”

பக்கத்திலிருந்த மனைவி ஹில்டா விடவில்லை. “படகுல ஏறுனதும் டீயோட வலி மாத்திரை முழுங்குவாவ டாக்டர். முங்குத அன்னைக்கெல்லாம்.”

“அதெல்லாம் ஒரு மாத்திரையா? கடல்ல எல்லாரும் போடுததுதான.”

அவன் பொய் சொல்லவில்லை. மண்டைக் குத்தலுக்கும் காது வலிக்கும் போடும் அதை, டீத்தூள், சீனியோடு சேர்த்தே படகுக்கு வாங்குவார்கள். வயிறு கனக்குமென்று கரை சேரும்வரை தண்ணீரும் குடிப்பதில்லை.

“அதுவும் இதுவும் சேர்ந்துதான் கிட்னியை அடிக்குது” என்றார் டாக்டர்.

“அப்ப எச்.ஐ.வி. மாத்திரைய விட்டுருதேன்.”

“விடும்” என்றாள் ஹில்டா. “என்னையும் இங்கனயே விட்டுட்டுப் போரும்.”

அவன் தலை குனிந்தான்.

“நிறுத்தவே கூடாது” என்றார் டாக்டர். “கிட்னியைத் தொடாத மருந்தா மாத்தித் தாரேன். விட வேண்டியது வலி மாத்திரையை. அது இல்லாம முங்க முடியாதுன்னா, முங்காதீங்க.”

மறுநாள் படகில், அவனுக்குக் காற்றுக் குழாய் பிடிக்கும் மனுவேல் வழக்கம்போல மாத்திரையை நீட்டினான்.

“வேண்டாம்ல.”

கடலே ஒரு அலையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. மாத்திரை வேண்டாம் என்பவன் முங்கப் பயந்தவன். அந்தப் படகில் அதுதான் தீர்ப்பு.

“என்னண்ணே, ராத்திரி மாதா கனவுல வந்து தடுத்தாளோ?”

“கிட்னி கெட்டுட்டு வருது.”

“ஒமக்கா? சங்கை ஓட்டோட கடிச்சுத் திங்க ஆளுல்லா நீரு. எதனால?”

அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இத்தனை காலமும் நீட்டியதையெல்லாம் மரியான் விழுங்கியிருந்தான்.

“டாக்டர் சொன்னாவ. அதுக்கு மேல கேளாத.”

மனுவேல் அவன் முகத்தையே பார்த்தான். சிரிப்பு மெல்ல இறங்கியது. மரியான் தன் முங்குக் கண்ணாடியைக் கழற்றி அவனிடம் கொடுத்தான்.

“நீ முங்குல. குழாய நான் பிடிக்கேன்.”

மனுவேல் முங்கினான். முதல்முறையாக மேலே உட்கார்ந்திருந்த மரியான், குழாயில் ஒரு மடிப்பு விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தான்.