மூன்று தூண்களும் ஒரு காட்டெருமையும்

ஒரு நாகரிகத்தின் மேன்மையை அதன் கோபுரங்களில் தேடக் கூடாது. தன் பிள்ளைகளின் அறிவையும் உடலையும் ஆன்மாவையும் ஒரே கூரையின்கீழ் அது எப்படி வளர்க்கிறது என்பதில்தான் தேட வேண்டும். காட்டன்வுட் பெண்ட் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் வாரன் ஸ்டாடர்ட் தினமும் காலையில் இதை ஒலிபெருக்கியில் சொல்வார். சொல்லி முடித்த கையோடு, குரலில் ஒரு கனமும் குறையாமல், இன்று மதியச் சாப்பாடு கார்ன் டாக் என்றும், பையன்கள் கழிப்பறையில் இடப்பக்கத் தொட்டி இன்னும் சரியாகவில்லை, வலப்பக்கத்தைப் பயன்படுத்தவும் என்றும் அறிவிப்பார்.

படிப்பு, விளையாட்டு, கலை என்னும் மூன்று தூண்களின் மேல் பள்ளி நிற்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. வாசலில் அதற்கு மூன்று சிமெண்ட் தூண்களே வைத்திருந்தார். மேலே கூரை எதுவும் இல்லாததால் மழைக்கு ஒதுங்க உதவாது. வகுப்பு மாறும் நேரத்தில் நடைவழியில் ஏற்படும் நெரிசலைப் பற்றி ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியவர். 'டாக்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். பையன்கள் கூப்பிட்டார்கள்.

"டாக்டர், முட்டி வலிக்குது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்!"

பள்ளியின் சின்னம் காட்டெருமை. எந்த ஆட்டமானாலும் எருமை வேஷம் போட்ட ஒரு மாணவர் மைதானத்தில் குதிப்பார். யார் என்பது பரம ரகசியம். மே மாதம், கடைசி வருட மாணவர்களின் விழாவில்தான் தலையைக் கழற்றி முகத்தைக் காட்டுவது வழக்கம். அதுவரை யாரும் கேட்கக் கூடாது, வேஷத்துக்குள் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. கணவன் மனைவி சண்டையைக்கூடக் கடைத்தெருவில் அலசும் அந்த ஊர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டது.

இந்த வருடத்து எருமை கொஞ்சம் வித்தியாசம். கால்பந்துக்கு வந்தது, சரி. நெடுந்தூர ஓட்டத்திலும் பிள்ளைகளோடு ஓடி வந்து, மூச்சு வாங்காமல் எல்லைக் கோட்டில் நின்றது. பாட்டுக் குழுவின் பின்வரிசையில் ஏட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. கணிதத் தேர்வன்று ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, கடைசி மணி அடிக்கும்வரை அசையவே இல்லை.

"நம்ம பையன்தான்," என்றார் விளையாட்டுப் பயிற்சியாளர் ட்வேன் ஹ்ருஷ்கா. "அந்த ஓட்டத்தைப் பாத்தா தெரியலையா?"

"ஓட்டமா? அந்தக் கையசைவைப் பாருங்க, ட்வேன். நாடக மேடையில ஊறினாத்தான் அது வரும்," என்றார் கலை ஆசிரியை லோர்னா பெட்டிபோன்.

கணித ஆசிரியர் நீல்ஸ் ஆஸ்ட்ரம் புன்னகை மட்டும் செய்தார். அவ்வளவு நேரம் அசையாமல் உட்காருவது கணிதம் தெரிந்தவனால் மட்டுமே முடியும் என்பது அவர் கட்சி.

வாரன் இதையெல்லாம் கேட்டார், உடனே பயன்படுத்திக்கொண்டார். மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் தலைமை அதிகாரி பதவி காலியாக இருந்தது. கல்விக் குழுத் தலைவி ஆர்டித் கிளெம்மிடம் அவர் வாக்குக் கொடுத்தார்: "இந்த வருஷம் அந்தத் தலைக்குள்ள இருக்கிறது மூணு தூணும் சேர்ந்த ஒரே மாணவர், மேடம். விழாவுக்கு வந்து நீங்களே பாருங்க."

"பாக்கிறேன் வாரன். பாத்துட்டுத்தான் பதவியைப் பத்திப் பேசுவேன்," என்றார் அந்த அம்மாள். டிராக்டர் விற்பவர், ஓட்டிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.

இரண்டு விஷயங்கள் வாரனுக்கு உறுத்தத்தான் செய்தன. நவம்பர் குளிரில் மைதானமே வாயால் ஆவி விட்டுக்கொண்டிருந்தபோது எருமையின் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெற்றிக்குப் பிறகு அதனோடு கை குலுக்கினார். பிடித்த பிடியில் கையுறை விரல்கள் காலி உறைபோலச் சப்பென்று ஒட்டிக்கொண்டன. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மதிய உணவில் எல்லாருக்கும் பால் ஒரு டப்பா கூடுதலாகக் கொடுக்கச் சொல்லி உத்தரவும் போட்டார்.

விழா நாள். உடற்பயிற்சிக் கூடத்தில் படிவரிசைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. பெயரைத் தப்பாக உச்சரித்துவிடக் கூடாதே என்று வாரன் அந்த மூன்று ஆசிரியர்களையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"சரி, இப்ப சொல்லலாம். யார் அது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லோர்னாவைக் கேளுங்க," என்றார் ஹ்ருஷ்கா. "வேஷம் கட்டுறது அவங்க துறை."

"நானா? அது விளையாட்டுச் சின்னம். நீங்கதானே ஆள் போடணும்?"

"நான் போடலையே!"

"நீல்ஸ்?" என்றார் வாரன்.

"நான் கணக்கு வாத்தியார் அய்யா. எருமைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப வருஷம் பூரா என் பையன், என் பையன்னு சொன்னீங்களே, ட்வேன்!" என்றார் லோர்னா.

"நீங்களும்தானே சொன்னீங்க! கேக்கக் கூடாதுன்னு வழக்கமாச்சே. மரியாதைக்கு விட்டுட்டேன்."

வாரன் குறுக்கிட்டார். "இன்னைக்கு யார் யார் வரலை?"

"எல்லாரும் வந்திருக்காங்க," என்றார் ஆஸ்ட்ரம். "வகுப்பு வகுப்பா உக்கார வெச்சாச்சு. ஒரு இடம்கூடக் காலி இல்லை."

"எருமை?"

லோர்னா கதவுப் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "வர்றப்ப பரிசுக் கோப்பை அலமாரி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்துச்சே."

மூவரையும் கூடத்துக்கு அனுப்பிவிட்டு வாரன் தனியாகப் போனார். நடைவழியில் ஈ காக்கை இல்லை. தன் ஆராய்ச்சி வாழ்வில் அவர் கண்ட முதல் நெரிசலில்லாத நடைவழி அதுதான். எருமை அலமாரியின் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றது.

"இங்க பாரு கண்ணா, உன்மேல எனக்குக் கோபம் இல்லை. பேரை மட்டும் சொல்லு."

எருமை தலையைச் சாய்த்தது. பிறகு சுவரைக் காட்டியது. வேஷத்துக்குள் இருப்பவர் பேசலாகாது என்று அங்கே ஒரு பலகை. அடியில் அவருடைய கையெழுத்து, 'டாக்டர்' என்பதோடு.

வாரன் கொம்புகளைப் பிடித்துத் தலையைத் தூக்கினார். சுலபமாக வந்தது. உள்ளே கழுத்து இல்லை. பஞ்சு உறையும் ஒரு தோல் வாரும் மட்டும் இருந்தன. உடம்பு சற்று நேரம் அப்படியே நின்றது, ஏதோ யோசிப்பதுபோல. பிறகு முட்டி மடங்கி, மெதுவாகத் தரையில் குவிந்தது.

அவர் கத்தியிருப்பார். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் முரசு அதிர ஆரம்பித்தது. ஆர்டித் கிளெம் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். பயமா பதவியா என்ற கேள்விக்கு அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தானே வேஷத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போவது, கையை ஆட்டுவது, ரகசியம் இந்த வருடம் ரகசியமாகவே இருக்கும் என்று லோர்னாவை விட்டுச் சொல்லச் செய்வது: இதுதான் திட்டம். கோட்டைக் கழற்றிப்போட்டு ரோம உடம்புக்குள் காலை நுழைத்தார். உள்ளே இதமான சூடு இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போன நாற்காலிபோல. தலையைக் கவிழ்த்தார்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் கூடமே எழுந்து ஆரவாரித்தது. இருபது வருடங்களில் யாரும் அவருக்காக எழுந்ததில்லை. வாரனுக்குக் கண் கலங்கியது. எருமையின் வாய் ஓட்டை வழியே மேடையைப் பார்த்தார்.

மேடையில், ஒலிவாங்கியின் முன்னால், வாரன் ஸ்டாடர்ட் நின்றுகொண்டிருந்தார்.

நடைவழியில் கழற்றிப்போட்ட அதே கோட்டுதான். அதே வழுக்கை, ஆனால் முதுகு நேராக இருந்தது. "வணக்கம். நான் அதிகம் பேசப் போறதில்லை," என்றது அது, அவர் குரலில்.

மாணவர்கள் கூரை இடியக் கை தட்டினார்கள்.

"அது நான் இல்லை! நான் இங்க இருக்கேன்!" என்று வாரன் கத்தினார். பஞ்சுக்குள் அது ஓர் உறுமலாக அடங்கியது. "எருமை பேசுதுடா!" என்று பையன்கள் சிரித்தார்கள். ஓட நினைத்தார், கால்கள் குதித்தன. கைகள் தாமாக, மேடையில் ஊறிய அழகோடு, நாலு பக்கமும் அசைந்தன.

மேடையில் நின்ற உருவம் இறங்கி வந்தது. கொம்புகளைப் பிடித்தது. மிக அருகில், அவருக்கு மட்டும் கேட்கும்படி, "உங்க மேல எனக்குக் கோபம் இல்லை," என்றது. தலையைத் தூக்கியது.

வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. கூடம் முழுவதும் எட்டிப் பார்த்தது. வாரன் அவர்களை நேருக்கு நேர் பார்த்தார். அவர்கள் கழுத்து ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முட்டி மடங்கியது, ரோமம் தரையில் குவிந்தது.

முதலில் கை தட்டியவர் லோர்னா. "இதுதான்யா கலை!" அவர் தட்டியதால் ஹ்ருஷ்காவும் தட்டினார். எப்படிச் செய்தார்கள் என்பது தனக்கு முன்பே தெரியும் என்ற பாவனையில் ஆஸ்ட்ரமும் தட்டினார்.

ஆர்டித் கிளெம் எழுந்து வந்து அதனோடு கை குலுக்கினார். "வாரன், இவ்வளவு சுருக்கமாப் பேசுவீங்கன்னு கனவுலயும் நினைக்கலை. பதவி உங்களுக்குத்தான்." பிறகு தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கை என்ன இப்படி மெத்து மெத்துன்னு இருக்கு?"

இரண்டு பையன்கள் காட்டெருமையைச் சுருட்டி எடுத்துப்போய், நடைவழியிலிருந்த தகர அலமாரி ஒன்றில் மாட்டிப் பூட்டினார்கள்.

மறுநாள் காலை, கதவின் தகரத் துளைகள் வழியே வாரன் ஸ்டாடர்ட் ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டார். நாகரிகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்று மதியம் கார்ன் டாக். பையன்கள் கழிப்பறையில் இடப்பக்கத் தொட்டி சரியாகிவிட்டது. ஒரு வாஷர் மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.