நாற்காலி டாக்டருக்கு முழு மதிப்பெண்

பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரில் அந்த ஆளும் இருப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. வருகைப் பதிவில் அந்தப் பெயரைப் பார்த்ததும் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனின் மருந்துச் சீட்டில் நூறு முறை படித்த பெயர். வீட்டில் அவருக்கு ‘நாற்காலி டாக்டர்’ என்றுதான் பெயர்.

அண்ணன் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து, வலது கையைத் தூக்க முடியாமல் அவரிடம் போனான். மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே, “வாயுப் பிடிப்பு. தைலம் தேய்ங்க, சரியாயிடும்” என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார். அண்ணனும் எட்டு மாதம் சமர்த்தாகத் தைலம் தேய்த்தான். வெளியூரில் பிசியோதெரபிஸ்டாக இருந்த தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வந்து தொட்டுப் பார்த்தபோது தோளின் தசைநார் அறுந்து, காலம் கடந்திருந்தது. இப்போது மற்றவர்கள் அடிக்க அவன் பெயிண்ட் கலக்கிக் கொடுக்கிறான்.

மூட்டுவலி, தசைவலியோடு வருபவர்களை எப்படிப் பார்ப்பது என்று சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் மூன்று நாள் சொல்லிக் கொடுக்க வேண்டியது அவள் வேலை. கடைசி நாள் பரீட்சை. மதிப்பெண் போடுவதும் அவள்தான்.

முதலில் ஃபெயிலாக்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அது ஒரு தண்டனையா? பரீட்சை கஷ்டம் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். செய்தது என்னவென்று தெரியாமலே நிம்மதியாகத் தூங்குவார். கூடாது. தெரியவைக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டாள்.

அதனால் மற்ற பதினொரு பேருக்குச் சொல்லிக் கொடுத்ததைவிட அவருக்குத்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தாள்.

“டாக்டர், உக்காந்துக்கிட்டே தோளைப் பார்க்க முடியுமா? எழுந்திரிங்க.”

எழுந்தார்.

“சட்டைக்கு மேலயா பார்ப்பீங்க? கழட்டச் சொல்லுங்க. முதல்ல அவங்களே கையைத் தூக்கட்டும். அப்புறம் நீங்க தூக்கிப் பாருங்க. நீங்க தூக்கினா போகுது, அவங்களா தூக்கினா போகல. என்ன அர்த்தம்?”

அவர் நெளிந்தார், வியர்த்தார், கடைசியில் சொன்னார்: “தசைநார் அறுந்திருக்கலாம்.”

“விழுந்த ஆளா இருந்தா?”

“உடனே எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பணும்.”

“நல்லது. இனி என்ன ஆகும்னு நோயாளிகிட்ட ஒளிக்காம சொல்லணும். அதுக்கும் மார்க் உண்டு.”

“மேடத்துக்கு உங்க மேல தனிப் பாசம்” என்று ஒரு நர்ஸ் அவரைச் சீண்டினாள். அவருக்கும் பெருமைதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணனிடம் போனாள்.

“நாளைக்குப் பரீட்சைக்கு நோயாளியா வந்து உக்காரு. நான் கேக்கறவரைக்கும் யாருன்னு காட்டிக்காதே.”

“எதுக்குப் பாப்பா வம்பு? பாவம், தெரியாமப் பண்ணிட்டாரு.”

“வர்றியா, மாட்டியா?”

“வர்றேன் தாயே.”

மறுநாள் டாக்டருக்கு அண்ணனை அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு நிமிர்ந்து முகத்தைப் பார்த்திருந்தால்தானே! ஆனால் பரிசோதனையில் ஒரு குறை சொல்ல முடியாது. சட்டையைக் கழற்றச் சொன்னார், பின்னால் போய் நின்றார், தோள்பட்டை எலும்புக்கு மேல் சதை வற்றிக் குழிந்திருப்பதை விரலால் தடவிக் காட்டினார். தூக்கச் சொன்னார், தானே தூக்கியும் பார்த்தார்.

“அறுந்து ரொம்ப நாளாச்சு. விழுந்த ஆளை இப்படியா விடுவாங்க? முதல்ல பார்த்த மடையன் யாருங்க?”

அறையே சிரித்தது.

“சொல்லுண்ணே” என்றாள் அவள்.

அண்ணன் தரையைப் பார்த்தான். “நீங்கதான் டாக்டர். வாயுன்னு சொன்னீங்க.”

சிரிப்பு பட்டென்று நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு வயிறு குளிர்ந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தது இதற்குத்தான். ஆனாலும் அவள் விடவில்லை.

“ஒரு கேள்வி பாக்கி இருக்கு டாக்டர். இந்தக் கை இனி என்ன ஆகும்? அவர்கிட்டயே சொல்லுங்க.”

டாக்டர் அண்ணனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்க. அறுந்த நார் உள்ள இழுத்துக்கிச்சு, சதையும் வத்திடுச்சு. இனிமே தைக்க முடியாது. பயிற்சி பண்ணா வலி குறையும். ஆனா கை பழையபடி தலைக்கு மேல போகாது. ஏணி வேலை இனி உங்களால முடியாதுங்க.”

சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. அவள் பேனாவைத் திறந்து முழு மதிப்பெண் போட்டாள். நிமிர்ந்தபோது அண்ணன் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் ஆறு மாசம், இன்னும் ஆறு மாசம், அப்புறம் ஏணி ஏறிடலாம்னு ரெண்டு வருஷமா நீ சொல்லிக்கிட்டு இருந்தியே, பாப்பா?”