சூடாகத் திறந்த சூளை

படத்தில் எல்லாமே நிஜமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் டைரக்டர் நந்தகுமார் விருத்தாசலத்துக்கு வந்தார். கதாநாயகி பீங்கான் விஞ்ஞானி. நான் பீங்கான் தொழிற்பேட்டையில் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவள், எம்.டெக். படித்தவள். ஆகவே மதிவதனியாகிய என்னை அறிவியல் ஆலோசகர் ஆக்கினார்கள்.

நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. சூளையை அணைத்ததும் கதவைத் திறக்கக் கூடாது, தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்று பட்டு உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விடும். திறந்தவர் முகமும் வெந்துபோகும். "அந்தக் காத்திருப்புதான் மேடம் படமே" என்றார் நந்தகுமார். கதாநாயகி சூளை வாசலில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பதை நாள் முழுக்கப் படமெடுத்தார். சினிமாவில் ஒரு சூளை ஒழுங்காக ஆறப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

படம் வந்தது. டைட்டிலில் என் பெயரைப் பார்த்ததும் தியேட்டரில் விசில் பறந்தது. இடைவேளைக்கு அப்புறம் கதாநாயகி தகதகக்கும் சூளையைத் திறந்து, முந்தானையால் பிடித்து ஒரு ஜாடியை வெளியே எடுத்தாள். முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. விசில் இன்னும் பலமாக வந்தது. விசிலடித்தவர்கள் யார்? தினமும் சூளையோடு மாரடிக்கிற எங்கள் தொழிற்பேட்டைக்காரர்கள்.

நந்தகுமாருக்கு போன் போட்டுக் கத்தினேன். "மேடம், அது நிஜ நெருப்பு. கிராபிக்ஸே கிடையாது" என்றார் பெருமையாக.

சினிமாதானே என்று விட்டிருப்பேன். கோவிந்தசாமி விடவில்லை. அகல் விளக்கு செய்து விற்பவர், தலை நரைக்கும்வரை சூளையடியிலேயே இருந்தவர்.

"ஏன் டீச்சர், சினிமாக்காரனுக்கு மட்டும் சூட்சுமத்த சொல்லிக் குடுத்திருக்கீங்க. எங்களுக்குச் சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

"என்ன சூட்சுமம்ண்ணா?"

"சூடா தொறக்கறது. டைட்டில்ல ஒங்க பேருதான இருக்குது?"

"அது பொய்ண்ணா. உங்க சூளையில அப்படி நடக்குமா? நீங்களே சொல்லுங்க."

"எனக்கு நடக்காது. நான் என்ன எம்.டெக்கா?"

இதோடும் நிற்கவில்லை. மணவாளநல்லூர் போய், கொளஞ்சியப்பர் கோயிலில் என்மேல் பிராது கட்டிவிட்டார். வஞ்சித்தவர்மேல் புகார் எழுதிக் கட்டினால் சாமி விசாரித்துத் தீர்த்துவைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்றுகூடக் கேட்டுத்தான் கட்டணம் போடுவார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு டீக்கடைதான் இருக்கிறது.

பிராதுகூடப் பரவாயில்லை. கார்த்திகை நெருங்கிவிட்டது, விளக்குக்கு ஆர்டர் குவிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சூளையைச் சூடாகவே திறக்கப் போகிறாராம். அவர் மருமகள் ஆண்டாள் ஓடிவந்து சொன்னாள். "மாமா சொன்னா கேக்க மாட்டாங்க. கதவுகிட்ட நிக்கப்போறது நாந்தான் டீச்சர்." அவள் என்னிடம் பயின்ற பெண்.

கோவிந்தசாமியைப் பயிற்சிக்கூடத்துக்கு இழுத்து வந்தேன். சூளையில் நானே வனைந்த குவளைகள் வெந்துகொண்டிருந்தன. சூளையை அணைத்து, எல்லாரையும் தள்ளி நிற்கவைத்து, முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு, நீளக் கம்பியால் கதவை நெம்பினேன். டங், டங் என்று குவளைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு நெஞ்சு வலித்தது. போகட்டும், மனுஷன் கண்ணால் பார்த்துவிட்டார் அல்லவா?

ஆறியபின் கோவிந்தசாமி ஓடுகளைக் கிளறினார். மூலையில் ஒரே ஒரு குவளை முழுசாக இருந்தது. அதை எடுத்துச் சுண்டிப் பார்த்தார். கணீரென்றது.

"ஒண்ணு நிக்குது பாருங்க! அப்ப சூட்சுமம் இருக்குது. மிச்சத்த ஏன் டீச்சர் மறைக்கிறீங்க?"

ஆண்டாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்கண்ணா. சூளைய அணைச்சதும் கதவுல மஞ்ச கயிறு கட்டி எலுமிச்சம்பழம் சொருகணும். மறுநாள் உச்சி வெயில் வர்ற வரைக்கும் ஒரு கையும் அதைத் தொடக் கூடாது. தொட்டா பலிக்காது."

கோவிந்தசாமி பயபக்தியோடு தலையாட்டினார்.

சனிக்கிழமை மதியம் ஆண்டாள் கதவைத் திறந்தாள். ஒரு விளக்கில்கூடக் கீறல் இல்லை. வழக்கமாக விடியற்காலையிலேயே திறந்து நாலைந்தை உடைத்துக்கொள்கிறவர், இந்தத் தடவை அரை நாள் கூடுதலாகக் காத்திருந்ததைக் கவனிக்கவே இல்லை. நேராகக் கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டு, எனக்கு விபூதியும் ஒரு கூடை விளக்கும் கொண்டுவந்தார். கோபமெல்லாம் போய் முகம் மலர்ந்திருந்தது.

"இவ்ளோ சுலபமான விஷயம். இத எங்களுக்குக் காட்ட ஒரு சினிமாக்காரன் வரணுமா டீச்சர்?"